கோப்புக்குத் திணை வகுத்தவர்கள்

1990களின் இறுதியில் மும்பையில் பாமினி எழுத்துருவைக் கொண்டு பேஜ்மேக்கரில் அமைக்கப்பட்ட ஒரு தமிழ்த் துண்டறிக்கையின் கோப்பை, இன்றைய லினக்ஸ் கணினியில் இருமுறை சொடுக்கினால் அது பெரும்பாலும் திறந்துவிடும். லிப்ரேஆபிஸ் டிரா என்னும் செயலி தானாகவே எழுந்து, பக்க அளவு, பத்திகள், கட்டங்கள், கோடுகள் ஆகியவற்றை ஏறக்குறையச் சரியாகவே காட்டும். தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குவியல் ஒன்று நிற்கும். 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளாகவும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். இது பேஜ்மேக்கர் கோப்பு, இதைத் திறக்க வல்லது டிரா என்ற பாதி உண்மை கணினிக்குத் தெரிந்திருக்கிறது. இதில் உள்ளது தமிழ் என்ற மறுபாதி தெரியவில்லை.

முதற்பாதியைக் கணினிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மறுபாதியை ஏன் எவரும் சொல்லவில்லை? பொறியியலார் மட்டும் கேட்கவேண்டிய கேள்விகள் அல்ல இவை. 1990 முதல் 2005 வரையிலான காலத்தின் தமிழ் எழுத்தாவணங்களை, அதிலும் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த சமூகங்களின் ஆவணங்களை, ஆய்வுக்கு எடுக்க நினைக்கும் எவரும் முதலில் இவற்றில்தான் முட்டிக்கொள்வார்கள்.

தமிழ் மாணவர்களுக்குப் பழக்கமான ஓர் ஒப்புமை இங்கே உதவும். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகிய குறிப்புகள் உள்ளன. அவை பாடலின் பகுதி அல்ல. தொகுப்பு மரபின் வழியே வந்து சேர்ந்தவை. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தபோது சில பாடல்களுக்கு இக்குறிப்புகள் சிதைந்தும் இல்லாமலும் இருந்தன. குறிப்பு போனாலும் பாடல் இருக்கும். அதை எந்த நிலத்தில், எந்த ஒழுக்கத்தில் வைத்துப் படிப்பது என்பதுதான் தெரியாமற் போகும். கணினிக் கோப்பின் நிலையும் இதுவே. ஒரு கோப்பு வெறும் பைட்டுகளின் வரிசை. அது படமா, பாட்டா, கடிதமா என்பது பைட்டுகளுக்கு வெளியே யாரோ எழுதிவைத்த குறிப்பைப் பொறுத்தது. லினக்ஸ் உலகில் அந்தக் குறிப்பை எழுதுபவர்கள், மென்பொருளைப் பொதியாகக் கட்டிப் பயனருக்கு அனுப்புவோர். ஆங்கிலத்தில் 'பேக்கேஜ்' எனப்படும் இப்பொதியைத் தமிழில் 'தொகுப்பு' என்றும் வழங்குகிறோம் என்பதால் ஒப்புமை இன்னும் நெருங்கிவருகிறது.

குறிப்பை எங்கே எழுதுவது என்பதில் தொடக்கத்திலிருந்தே இருவேறு வழக்குகள் இருந்தன. டெக் நிறுவனத்தின் கணினிகளில் கோப்புப் பெயரின் இறுதியில் மூன்றெழுத்துப் பின்னொட்டு இடும் வழக்கம் இருந்தது. கேரி கில்டாலின் சிபி/எம் அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து எம்எஸ்-டாசுக்கும் விண்டோசுக்கும் அது வந்தது. யுனிக்ஸ் மரபு பெயரை நம்பவில்லை. கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து வகையை ஊகிக்கும் 'ஃபைல்' என்னும் கட்டளை 1973இலேயே யுனிக்ஸில் இருந்தது. இந்த முதல் பைட்டுகளுக்கு 'மாய எண்' என்று பெயர். பிடிபி-11 கணினியில் எண்ம முறையில் 0407 என்ற எண், நிரலின் தலைப்பகுதியைத் தாண்டிக் குதிக்கும் கட்டளையாகவே இருந்தது. பின்னாளில் அதுவே 'இது இயங்கும் நிரல்' என்பதற்கான அடையாளமாகவும் ஆனது. ஆப்பிளின் மெக்கின்டாஷ் 1984இல் மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் வகை, ஆக்கிய செயலி என நான்கெழுத்துக் குறிகள் இரண்டைப் பெயரிலும் உள்ளடக்கத்திலும் சேராமல் தனியே பதிந்துவைத்தது.

இலக்கணம் படித்தவர்களுக்குப் பின்னொட்டு முறை அந்நியமாகத் தோன்றாது. பெயரின் இறுதியில் நின்று அப்பெயரின் தொழிற்பாட்டைக் காட்டுவது வேற்றுமை உருபு. கோப்பின் பின்னொட்டும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. உருபு மறைந்தால் தொகை. விண்டோஸ் 95 தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளைப் பயனருக்குக் காட்டாமல் மறைத்தது. தொகையைச் சூழலால் விரித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை மொழியில் பலிக்கும், கணினியில் பலிக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரலின் கோப்புப் பெயரில் இரண்டு பின்னொட்டுகள் இருந்தன. முதலாவது 'இது வெறும் உரை' என்று சொன்னது. மறைந்து நின்ற இரண்டாவது அதை நிரலாக இயக்கியது. பெயர் ஒன்றும் உள்ளடக்கம் வேறொன்றும் சொன்னால் கோப்பைத் திறக்க மறுக்கும் எச்சரிக்கைகள் சில ஆண்டுகளில் லினக்ஸின் நாட்டிலஸ் கோப்பு மேலாளரிலும் இடம்பெற்றன.

ஒரே கணினிக்குள் இருக்கும்வரை கோப்பின் வகை உள்வீட்டு விவகாரம். கோப்பு பயணம் செய்யத் தொடங்கியபோதுதான் அது பொதுச் சிக்கலாயிற்று. இந்தியாவில் அப்பயணத்தின் முதற்கட்டம் பம்பாயில் நடந்தது. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலிருந்து கிளைத்து 1985இல் தனி அமைப்பான தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஜுஹூவில் இயங்கியது. சீனிவாசன் ரமணியின் தலைமையில் அம்மையமும் பவாயில் உள்ள ஐஐடி பம்பாயும் 1986-87 காலத்தில் தொலைபேசி வழியே மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டன. ஏர்நெட் என்னும் கல்விவலையின் தொடக்கம் அதுதான். பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15இல்.

அந்தத் தொடக்கக்கால அஞ்சல் ஏழு பிட் ஆங்கில எழுத்துகளை மட்டுமே நம்பகமாகச் சுமந்தது. படமோ நிரலோ அனுப்பவேண்டுமானால் 'யூயூஎன்கோடு' என்னும் முறையில் அதை எழுத்துக் குவியலாக மாற்றவேண்டும். குவியலின் தலைவரியில் கோப்பின் பெயரும் அணுகல் உரிமை எண்ணும் இருக்கும், வகை இராது. பெறுபவர் பெயரைப் பார்த்து ஊகித்துக்கொள்ளவேண்டியதுதான். இக்குறையைத் தீர்த்தது மைம் என்னும் நெறிமுறை. பெல்கோர் ஆய்வகத்தின் நதானியல் போரன்ஸ்டைனும் இன்னோசாஃப்ட் நிறுவனத்தின் நெட் ஃபிரீடும் எழுதிய அது 1992 ஜூனில் ஆர்.எஃப்.சி. 1341 என வெளிவந்தது. போரன்ஸ்டைன் அவ்வாண்டு மார்ச் 11இல் அனுப்பிய சோதனை அஞ்சலில், அவரும் நண்பர்களும் சேர்ந்த நால்வர் பாட்டுக் குழுவின் படமும் பாட்டும் இணைந்திருந்தன. மைம் ஒவ்வோர் இணைப்புக்கும் சாய்கோட்டால் பிரிக்கப்பட்ட இரட்டைப் பெயர் சூட்டியது. படம்/ஜிஃப், உரை/எளியது என்பன போன்ற, பேரினமும் சிற்றினமுமாக அமைந்த பெயர்கள். உரை என்றால் அது எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்பதையும் கூடவே சொல்ல இடம் வைத்தது. தமிழுக்கு இந்த இரண்டாவது இடமே முக்கியமானது. அதற்குப் பின்னர் வருவோம்.

வகையின் பெயர் தெரிந்தால் போதாது, அதைத் திறப்பது எது என்பதும் தெரியவேண்டும். போரன்ஸ்டைனே அதற்கும் 'மெயில்கேப்' என்றொரு எளிய பட்டியலை வகுத்தார். வரியின் இடப்பக்கம் வகை, நடுவில் அரைப்புள்ளி, வலப்பக்கம் அதைத் திறக்கும் கட்டளை. இந்தப் பட்டியலை யார் எழுதுவது? 1992இல் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினி நிர்வாகியும் தம் கையால் எழுதினார். 1993இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் ஆயிரக்கணக்கான செயலிகள் பொதிகளாக வந்திறங்கத் தொடங்கியபோது அது இயலாததாயிற்று. ஒவ்வொரு பொதியும் தான் திறக்கவல்ல வகைகளைத் தானே ஒரு சிறு கோப்பில் எழுதிக் கொண்டுவரவேண்டும், நிறுவும்போது கணினி அவற்றையெல்லாம் திரட்டிப் பொதுப் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும் என்ற முறை டெபியனில் உருவானது. நிர்வாகியின் வேலை பொதி கட்டுவோரின் கைக்கு மாறிய இடம் இது. மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் 'இக்கோப்பு இதற்குரியது' என்ற தீர்ப்பைக் கோப்பை ஒருபோதும் பார்த்திராத, முன்பின் அறியாத தன்னார்வலர் ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாடு அதிலிருந்துதான் வலுப்பெற்றது.

கேடிஈ 1996இலும் க்னோம் 1997இலும் தோன்றிய பிறகு குழப்பம் மும்மடங்காயிற்று. இரண்டும் தத்தமக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொண்டன. மெயில்கேப் ஒருபக்கம் இருக்கவே இருந்தது. ஒரே படக்காட்டி மூன்று இடங்களில் மூன்று இலக்கணங்களில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவேண்டியிருந்தது. ஹேவக் பெனிங்டன் 2000இல் தொடங்கிய ஃபிரீடெஸ்க்டாப் என்னும் பொதுமேடை இதைச் சீர்செய்ய முயன்றது. தாமஸ் லெனார்டு 2002 வாக்கில் வகுத்த பொது மைம் தரவுத்தளம் அதன் நல்ல விளைவுகளுள் ஒன்று. அதைக் க்னோம் விரைவில் ஏற்றது; கேடிஈ 2008இல் வந்த நான்காம் பதிப்பில் ஏற்றது.

இன்று ஒரு பொதியைக் கட்டுபவர் செய்யவேண்டியவை இரண்டு. புதிய கோப்பு வகை ஒன்று உண்டென்றால் அதை விவரிக்கும் சிறு எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைப் பொதியில் வைக்கவேண்டும். வகையின் பெயர், அதன் பின்னொட்டுகள், மாய எண், அது எந்தப் பெருவகையின் உட்பிரிவு என்பன அதில் இருக்கும். அடுத்து, செயலியை அறிமுகப்படுத்தும் 'டெஸ்க்டாப்' கோப்பில் 'மைம்டைப்' என்ற வரியில் தான் திறக்கவல்ல வகைகளை அரைப்புள்ளியிட்டு அடுக்கவேண்டும். நிறுவல் முடிந்ததும் இரண்டு கட்டளைகள் தாமாக ஓடி, எல்லாப் பொதிகளின் கூற்றுகளையும் தொகுத்து அட்டவணையாக்கும். மொழியியலார் இந்தக் கோப்புகளை ஒருமுறை பார்ப்பது பயனுடையது. முதலாவது ஓர் அகராதி. உள்ளடங்கு சொல், உயர் சொல் என்ற உறவுகூட அதில் உண்டு. இரண்டாவதில் வினைச்சொல் ஒன்றின் ஏற்புத்திறன் விவரிக்கப்படுகிறது. செயலியை அழைக்கும் வரியில் விழுக்காட்டுக் குறியை அடுத்துச் சிறிய எஃப் இருந்தால் அது ஒரு கோப்பை மட்டும் செயப்படுபொருளாக ஏற்கும். பெரிய எஃப் இருந்தால் பல கோப்புகளை ஏற்கும்.

ஒரே வகைக்குப் பல செயலிகள் உரிமை கோரும்போது பூசல் எழும். அதனால் 'திறக்க வல்லேன்' என்று சொல்ல மட்டுமே பொதிக்கு உரிமை. 'நானே திறப்பேன்' என்பதைப் பயனரோ மேசைத்தளமோ தனிப் பட்டியலில் எழுதவேண்டும் என்பது நெறி. நெறி எப்போதும் காக்கப்பட்டதில்லை. கோப்புறையையும் தன் வகைப்பட்டியலில் சேர்த்துக்கொண்ட நிரல் திருத்தி ஒன்று, கோப்புறையைச் சொடுக்கியவர் முன்னெல்லாம் தானே வந்து நின்ற கதையை லினக்ஸ் பயனர்கள் அறிவார்கள். டெபியனில் பழைய மெனு முறையையும் டெஸ்க்டாப் கோப்பையும் ஒருசேரப் பேணுவதா என்ற வழக்கு அதன் தொழில்நுட்பக் குழுவரை சென்று, 2015இல் டெஸ்க்டாப் கோப்பின் பக்கம் தீர்ந்தது. யார் எழுதும் குறிப்பு செல்லும் என்பது எந்தப் பதிப்பு மரபிலும் எளிதில் தீர்ந்த கேள்வி அன்று.

துண்டறிக்கைக்குத் திரும்பலாம். அதன் முதற்பாதி எப்படித் தெரிந்தது என்பது இப்போது விளங்கும். பொது மைம் தரவுத்தளத்தில் பேஜ்மேக்கருக்கு ஒரு பெயர் பதிவாகியுள்ளது. பேஜ்மேக்கரின் பிற்காலக் கோப்புகளைப் பகுத்தறியும் நிரல்நூலகம் ஒன்றைத் தன்னார்வலர்கள் எழுதினர். 2015 தொடக்கத்தில் வந்த லிப்ரேஆபிஸ் 4.4 அதைச் சேர்த்துக்கொண்டது. டிராவின் டெஸ்க்டாப் கோப்பில் அந்த வகைப்பெயரும் ஏறியது. பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் என்பதை நினைத்தால் இது அரிய உழைப்பு. இதில் ஒரு நுட்பமும் உண்டு. பேஜ்மேக்கர் 6.5, 7 கோப்புகளின் முதல் எட்டு பைட்டுகள், பழைய வேர்டு, எக்செல் கோப்புகளின் முதல் எட்டு பைட்டுகளே. எல்லாம் மைக்ரோசாஃப்டின் ஒரே கொள்கலனைப் பயன்படுத்தியவை. எனவே இங்கே மாய எண் மட்டும் போதாது, பின்னொட்டு வேண்டும். பின்னொட்டை இழந்த பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றைக் காப்பகப் பட்டியல் வேர்டு எனக் குறித்திருந்தால் வியக்கவேண்டியதில்லை.

மறுபாதியின் கதை வேறு. தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுப்பதில் முதல் அரசுசார் ஏற்பாடு இஸ்கி. ஐஐடி கான்பூரில் முளைத்துப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த அது 1991இல் இந்தியத் தரமானது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் அதில் ஒரே எண்வரிசை. 'க' எந்த எழுத்தில் எழுதப்பட்டாலும் ஒரே எண். எந்த எழுத்தில் காட்டவேண்டும் என்பதைச் சொல்ல உரைக்குள்ளேயே ஒரு குறி உண்டு: 239 என்ற பைட்டு வந்து, அடுத்து 68 வந்தால் இதன்பின் தமிழ் எழுத்து. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சியைக் கொண்ட மும்பை போன்ற ஊருக்கு இது கவர்ச்சியான கருத்து. தமிழுக்கு அது முழுதும் பொருந்தவில்லை. வர்க்க எழுத்துகளுக்கான வெற்றிடங்களை அது விட்டது; யூனிகோடின் தமிழ்ப் பகுதி அவ்வெற்றிடங்களை இன்றும் சுமக்கிறது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். உரை தன் எழுத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும் வசதி இஸ்கியில் இருந்தது. அதற்குப் பின் வந்த எழுத்துருக்களில் அது இல்லை.

சந்தை சென்ற வழி எழுத்துருவின் வழி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டால் எந்த மென்பொருளையும் மாற்றாமல் தமிழ் அச்சிடலாம். பாமினி அப்படிப்பட்டது, ஸ்ரீலிபி போன்ற வணிகத் தொகுப்புகள் தமக்கெனத் தனி வரிசைகள் வைத்திருந்தன. நாளிதழ்கள் பலவும் ஆளுக்கொன்று வைத்திருந்தன. அச்சுக்கு இது போதும், ஏனெனில் தாளில் வடிவம் மட்டுமே இறங்குகிறது. கோப்பாக நிலைக்க இது போதாது. பாமினியில் எழுதிய ஒரு கவிதையை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்து, லினக்ஸின் 'ஃபைல்' கட்டளையிடம் கேட்டால் 'ஆஸ்கி உரை' என்று விடைவரும். அந்த விடை பிழையன்று. பைட்டுகளின் அளவில் அது ஆஸ்கிதான். தமிழ் முழுவதும் எழுத்துருவில் இருந்தது.

மைம் திறந்துவைத்த அந்த இரண்டாவது இடத்தை, குறியேற்றத்தின் பெயரைச் சொல்லும் இடத்தை, தமிழ் இணையம் எப்படி நிரப்பியது என்பது இன்னும் வருத்தத்திற்குரியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் தமிழ் வலைப்பக்கங்கள் பல, தம் குறியேற்றம் 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்டு' என அறிவித்தன. 'பயனர் தீர்மானித்துக்கொள்க' என்பது அதன் பொருள். படிப்பவர் உரிய எழுத்துருவை இறக்கி, உலாவியில் அதைத் தேர்ந்துகொள்ளவேண்டும். இன்றைய எச்டிஎம்எல் தரத்தின்படி, பக்கத்தின் தலைப்பகுதியில் அந்தச் சொல்லைக் கண்டால் உலாவி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான விண்டோஸ்-1252 என்றே கொள்ளவேண்டும். பயனருக்கு விட்ட தீர்மானம் காலப்போக்கில் லத்தீனுக்குப் போய்விட்டது.

விதிவிலக்கு டிஸ்கி. புலம்பெயர்ந்த தமிழர்களின் மடலாடல்களில் வடிவம்பெற்ற இக்குறியேற்றத்தை கு. கல்யாணசுந்தரம் உலகப் பதிவேடான ஐயானாவில் 2004இல் பதிந்தார். அங்கே அதன் எண் 2107. அதற்கு முன்பே, 2002இல், புரூனோ ஹைபிள் என்னும் ஜெர்மானிய நிரலாளர் லினக்ஸின் அடிப்படை நிரல்நூலகமான ஜிலிப்சியில் டிஸ்கிக்கும் யூனிகோடுக்கும் இடையிலான மாற்றியை எழுதிச் சேர்த்திருந்தார். டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும். ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன் நிற்கும். யூனிகோடு ஒலி வரிசையில் எழுதும்; கொம்பு பின்னே வரும். ஆகவே மாற்றி ஒவ்வொரு கொம்பையும் கையில் பிடித்துவைத்து, மெய் வந்தபின் விடவேண்டும். அந்த வேலையின் பயனாக இன்றும் எந்த லினக்ஸ் கணினியிலும் ஒரே கட்டளையில் டிஸ்கி உரை யூனிகோடாக மாறும். தமிழக அரசு 1999இல் ஏற்ற டாப், டாம் குறியேற்றங்களுக்கோ அச்சகங்களை ஆண்ட பாமினிக்கோ ஐயானாவில் பதிவு இல்லை. டிஸ்கி அவற்றைவிடச் சிறந்த வடிவமைப்பா என்பது தனி விவாதம். அது பிழைத்ததற்குக் காரணம், அதற்கு ஒரு பெயரும் பெயரை அறிந்த ஒரு நிரலும் இருந்தன என்பதே. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குச் சிதையாமல் வந்து சேர்ந்தன. அச்சகக் கோப்புகளுக்கு அவ்வாய்ப்பு கிட்டவில்லை.

மும்பையின் பங்கும் யூனிகோடு பக்கத்தில்தான் அமைந்தது. ஐஐடி பம்பாயில் பணியாற்றியபின் ஜுஹூ மையத்தில் இயங்கிய எழுத்துரு அறிஞர் ர.கி. ஜோஷியின் வழிகாட்டுதலில் உருவான 'லதா', விண்டோஸ் 2000உடன் வந்து பலருடைய முதல் யூனிகோடு தமிழ் எழுத்துருவாயிற்று. அதே மையத்தின் இண்டிக்ஸ் திட்டம் லினக்ஸின் திரைக்காட்சி அடுக்கிலேயே இந்திய எழுத்துகளைச் சேர்க்க முனைந்தது. நகரின் ஆர்வலர்கள் தொடங்கிய இண்ட்லினக்ஸ் மேசைத்தள மொழிபெயர்ப்பை முன்னெடுத்தது. ஆனால் ஜுஹூவில் இனி எழுதப்படப்போகும் தமிழுக்கு வழி அமைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் எழுதப்பட்டுக்கொண்டிருந்த தமிழ் வேறு வரிசைகளில் இருந்தது. திருமண அழைப்பு, கோயில் கொடைவிழா நோட்டீஸ், சங்க ஆண்டுமலர், தேர்தல் சுவரொட்டி, நீத்தார் நினைவஞ்சலி ஆகியவற்றின் மொழி அது. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த தோல் தொழிலாளரின் மூன்றாம் தலைமுறை பேசிய, இந்தியும் மராத்தியும் ஊடாடிய தமிழைப் பதிவுசெய்தவை இத்தகைய தாள்களே. மொழித்தொடர்பு ஆய்வுக்கு இவற்றினும் நல்ல சான்று எளிதில் கிடைக்காது.

இழப்பு எல்லோருக்கும் சமமாக நேர்வதில்லை. மாட்டுங்காவில் 1932 முதல் இயங்கும் தென்னிந்தியக் கல்விக் கழகம் போன்ற நிறுவனங்களுக்கு நூலகமும் அலுவலக அலமாரியும் உண்டு. கோப்பு போனாலும் தாள் மிஞ்சும். தாராவிச் சந்தொன்றில் ஒட்டப்பட்ட அறிவிப்புக்கு, அது தட்டச்சான கடையின் வன்தட்டே காப்பகம். தாராவி மறுசீரமைப்புக்கான வீடுவீடான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. அங்கே இலவச மாற்று வீட்டுக்கான தகுதி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்டுவதைப் பொறுத்தது. கோயில் நோட்டீஸ் எதுவும் அரசுச் சான்றாகாது. ஆனாலும் அந்நாளுக்கு முந்தைய பத்தாண்டு, அவ்வூரின் தமிழ் தாளிலிருந்து பேஜ்மேக்கருக்கு மாறிய பத்தாண்டும் ஆகும். கடைகள் இடம்பெயரும்போது பழைய கணினிகளை யாரும் சுமந்து செல்வதில்லை.

தொழில்நுட்பத்தால் செய்யக்கூடியது எவ்வளவு? பாமினி உரைக்கென ஒரு மைம் வகையைப் பெயரிட்டு, எளிய உரையின் உட்பிரிவாக அறிவித்து, அதைத் திறக்கும் மாற்றி ஒன்றை லினக்ஸ் பொதியாகக் கட்டுவது கடினமன்று. ஓப்பன்-தமிழ் தொகுப்பில் பாமினி உள்ளிட்ட பழைய குறியேற்றங்களுக்கான மாற்றிகள் ஏற்கெனவே உள்ளன. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. மாய எண்ணால் பாமினியைக் கண்டுபிடிக்க இயலாது. அதற்கெனத் தனிப் பைட்டு எதுவும் இல்லை. எழுத்துச் சேர்க்கைகளின் நிகழ்வெண்ணைக் கொண்டு ஊகிக்கலாம். மொழியியல் மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்யக்கூடிய நல்ல வேலை அது. நான்கு வரி அழைப்பிதழில் அந்த ஊகம் தடுமாறும். கோப்பமைப்பின் நீட்டிப் பண்புகளில் வகையையும் குறியேற்றத்தையும் எழுதிவைக்க ஃபிரீடெஸ்க்டாப் பெயர்கள் வகுத்துள்ளது. பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்பமைப்புக்கு நகலெடுத்தவுடன் அவை உதிர்ந்துவிடும்.

மிஞ்சுவது பேஜ்மேக்கர் கோப்புக்குள்ளேயே கிடக்கும் எழுத்துருவின் பெயர். உரையின் குறியேற்றத்தைச் சொல்லும் ஒரே சான்று அதுதான். கோப்பை வெறும் உரையாக ஏற்றுமதி செய்தாலும், படமாக மாற்றிச் சேமித்தாலும் அது போய்விடும். ஆகவே இவ்வகை ஆவணங்களைத் திரட்டுவோர் மூலக்கோப்பை அதன் பின்னொட்டு மாறாமல் வைத்துக்கொள்வதோடு, அது தட்டச்சான கணினியின் எழுத்துருக் கோப்புறையையும் நகலெடுக்கவேண்டும். உடன் ஒரு தாளில் எழுத்துருவின் பெயர், விசைப்பலகை முறை, பேஜ்மேக்கர் பதிப்பு, தட்டச்சு செய்தவரின் ஒப்புதல் ஆகிய நான்கையும் கையால் எழுதிவைக்கவேண்டும். தட்டச்சு செய்தவர்களுள் பலர் இன்னும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்களும் அவர்களே.